ஏலத்தில் 'ரஃப் மரகதம்', பார்சலில் வெங்கச்சங்கல்: ஆன்லைனில் கல் வாங்குபவர்கள் ஏமாறுவது எப்படி?

"ஆனைமலை ஒரிஜினல் ரஃப் மரகதம். 500 காரட். நேச்சுரல், லேப் சர்ட்டிஃபைடு. ஆரம்ப விலை 99 ரூபாய் மட்டுமே. நோ ரிட்டர்ன்."

ஆன்லைன் ஏலத் தளங்கள், ஃபேஸ்புக் லைவ் ஏலங்கள், வாட்ஸ்அப் குழுக்கள் என எங்கே பார்த்தாலும் இந்தப் பாணியில் விளம்பரங்கள் வருகின்றன. கூடவே ஒரு போட்டோ. உள்ளங்கையில் பச்சையாகப் பளபளக்கும் ஒரு கல், கீழே டார்ச் வெளிச்சம். ஏலம் முடிய இன்னும் 12 நிமிஷம்தான் இருக்கிறது என்று ஓடும் கவுண்ட்டவுன்.

வாங்குபவர்கள் பெரும்பாலும் நகை வியாபாரிகள் இல்லை. கல் சேகரிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், வீட்டிலேயே சின்ன மெஷின் வைத்து கல் பட்டை தீட்டக் கற்றுக்கொள்பவர்கள், ராசிக்கல்லை மலிவாக வாங்க நினைப்பவர்கள். பட்டை தீட்டிய கல்லை விட 'ரஃப்' எனப்படும் பட்டை தீட்டாத கல் மலிவு. அதில் ஏமாற்று வேலை இருக்காது என்ற நம்பிக்கையும் உண்டு. உண்மையில், ஏமாறுவதற்கு அதிக வாய்ப்பிருப்பது ரஃப் கல்லில்தான். ஏன் என்று பார்ப்போம்.

கொங்கு மண்ணின் பெயர் ஏன் விலை போகிறது?

முதல் காரணம், பொய்க்குள் பாதி உண்மை இருப்பது. கொங்கு நாட்டில் ரத்தினக் கற்கள் கிடைத்தது கட்டுக்கதை அல்ல. திருப்பூர் மாவட்டம் காங்கேயம் பக்கத்தில் இருக்கும் படியூர், கடல் நீல நிறத்தில் இருக்கும் அக்வாமரின் கல்லுக்குப் பெயர் போன ஊர். 1819-20 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே சுரங்கம் போட்டு 2,000-க்கும் மேற்பட்ட கற்களை எடுத்ததாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. அதற்கும் முன்னால், சங்க காலத்தில், நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் கல்மணி செய்யும் தொழிற்கூடங்களே இருந்தன. 1980-களில் இருந்து அங்கே நடந்த அகழாய்வுகளில் பச்சை நீல பெரில், நீலக்கல், ஸ்படிகம், சிவப்பு கார்னீலியன் என்று செய்து முடித்த மணிகளும் பாதியில் விட்ட மணிகளும் கிடைத்திருக்கின்றன. கோவை வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்ததற்கு இந்தக் கல் வியாபாரமும் ஒரு காரணம் என்பது வரலாற்று ஆய்வாளர்களின் கருத்து.

காங்கேயம், கரூர் பக்கம் நிலாக்கல், அயோலைட், கார்னெட் கிடைக்கும். சிவன்மலைப் பக்கம் குருந்தம் கிடைக்கும். மாணிக்கமும் நீலக்கல்லும் இந்தக் குருந்தக் குடும்பம்தான். ஆங்கிலத்தில் இன்றைக்கும் 'கொரண்டம்' என்று சொல்வது நம்ம 'குருந்தம்' என்ற சொல்லில் இருந்து போனதுதான். சேலம் மாவட்டம் சங்ககிரி, இடைப்பாடி பக்கம் 1990-களில் மரகதமே கிடைத்தது.

ஆக, 'கொங்கு மரகதம்' என்று ஒருவர் சொன்னால் அதை எடுத்த எடுப்பில் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஏமாற்றுபவருக்கு இது ரொம்ப வசதி.

ஆனால் ஆனைமலை வேறு, காங்கேயம் வேறு. இரண்டுக்கும் நடுவே சாலையில் இரண்டு மணி நேரம் போல ஆகும். ஆனைமலைத் தொடரில் பெரும்பாலும் இருப்பது சார்னோகைட், நைஸ் எனப்படும் கருஞ்சாம்பல் பாறைகள். அவற்றின் விரிசல்களில் வெள்ளை வெள்ளையாக ஓடுவது குவார்ட்ஸ். கொங்குப் பக்கம் வெங்கச்சங்கல் என்பார்களே, அதேதான். தோட்டத்தில் உழும்போது, கிணறு வெட்டும்போது, ஆழியாற்று ஓரத்தில் நடக்கும்போது கண்ணில் படும் பளபளப்பான கல் பத்துக்கு ஒன்பது முறை இதுவாகத்தான் இருக்கும். இந்த வகைப் பாறைகளில் சிவப்பு கார்னெட் மணிகள் பதிந்திருப்பதும் சாதாரணம். விளம்பரத்தில் ஊர் பெயர் இருப்பதால் கல்லின் அடையாளம் நிரூபணம் ஆகிவிடாது. கல்லுக்கு வாயிருந்தால் பல கற்கள் "நான் ஆனைமலையே பார்த்ததில்லைங்க" என்று சொல்லிவிடும்.

2,000 வருஷத்துக்கு முந்தைய டெக்னிக்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போலிக் கல் விவகாரம் இன்டர்நெட் வந்த பிறகு ஆரம்பித்தது அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, தன் இயற்கை வரலாறு நூலின் 37-வது புத்தகத்தில், இந்தியர்கள் ஸ்படிகத்துக்குச் சாயம் ஏற்றி அதைப் பெரில் கல் போல ஆக்குகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அன்றைக்கு இந்தியப் பெரில் என்றால் முதலில் நினைவுக்கு வரும் இடங்களில் ஒன்று நம்ம கொங்குப் பகுதி!

அந்தச் சாய வேலை இன்றும் அப்படியே தொடர்கிறது. 2012-ல் கனடாவின் கெலோனா நகரில் 'தியோடோரா' என்ற பெயரில் ஒரு மரகதம் ஏலத்துக்கு வந்தது. எடை 57,500 காரட், அதாவது பதினொன்றரை கிலோ. இந்தியாவில் செதுக்கப்பட்ட கல் என்றார்கள். மதிப்பு பத்து லட்சம் டாலருக்கும் மேல் என்றார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பரிசோதித்த நிபுணர், அது பெரும்பகுதி வெள்ளைப் பெரில், பச்சைச் சாயம் ஏற்றியிருக்கிறது என்று சொன்னார். நேரில் பார்வைக்கு வைத்த, ஊடகமே கூடி நின்ற ஒரு கல்லுக்கே இந்தக் கதி என்றால், மொபைல் ஸ்கிரீனில் தெரியும் போட்டோவை என்ன சொல்ல?

எந்தக் கல், எந்தப் பெயரில் விற்கிறது?

அதிகம் நடப்பது மரகதத்தில். சாயம் ஏற்றிய வெள்ளைப் பெரில், சாயம் ஏற்றிய குவார்ட்ஸ், பச்சை அவென்சுரின், சில சமயம் வெறும் பச்சைக் கண்ணாடி எல்லாமே 'ரஃப் எமரால்டு' ஆகிவிடும். சாயம் ஏற்றிய கல்லில் ஒரு அடையாளம் உண்டு. நிறம் கல் முழுக்கச் சீராக இருக்காது. விரிசல்களில் மட்டும் கோடு கோடாக அடர்ந்து தேங்கி நிற்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சை வைத்து ஓரமாகத் தேய்த்தால் சில சாயங்கள் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வராவிட்டாலும் சாயம் இல்லை என்று அர்த்தம் இல்லை.

அடுத்து மாணிக்கம். கார்னெட்தான் இதற்கு நிரந்தர டூப். இரண்டும் சிவப்பு. இரண்டும் கையில் எடுத்தால் கனமாக இருக்கும். பழகிய கண்ணே சில நேரம் தடுமாறும். இங்கே 365 நானோமீட்டர் யூவி டார்ச் உதவும். இருட்டு அறையில் அடித்தால் மாணிக்கம் பெரும்பாலும் கனல் போலச் சிவந்து ஒளிரும். கார்னெட் அசையாமல் கிடக்கும். ஆனால் இரும்புச் சத்து அதிகமுள்ள மாணிக்கம் சரியாக ஒளிராது. செயற்கை மாணிக்கமோ இயற்கையானதை விடப் பிரமாதமாக ஒளிரும். "யூவி டெஸ்ட் பாஸ்" என்று வீடியோ போட்டு விற்பவர்களில் சிலர் இந்தச் செயற்கைக் கல்லை வைத்துத்தான் அந்த வீடியோவை எடுக்கிறார்கள்.

மாணிக்கத்தில் இன்னொரு ரகமும் உண்டு. இது பொய்யே இல்லாத ஏமாற்று. ஒளி ஊடுருவாத, கலங்கிய, செங்கல் மாதிரியான குருந்தக் கல் கிலோ கணக்கில் கிடைக்கும். கனிமவியல்படி அது மாணிக்கம்தான். லேபில் கொடுத்தாலும் 'கொரண்டம்' என்றே எழுதித் தருவார்கள். ஆனால் பட்டை தீட்டினால் நகைக்கு உதவாது. குருந்தப் பொடியைச் சாணை பிடிக்கப் பயன்படுத்தியது நம் ஊர்களில் பழைய வழக்கம். சாணைக்கல் தரத்தில் இருக்கிற கல்லை, மோதிரக் கல்லின் விலையை மனதில் வைத்து ஒருவர் ஏலம் கேட்டால், விற்றவர் மேல் வழக்குப் போடுவது கூடக் கஷ்டம். பெயர் சரியாகத்தானே சொல்லியிருக்கிறார்!

நீலக்கல் என்ற பெயரில் வருவது அயோலைட். காங்கேயம், கரூர் பக்கமே கிடைக்கும் கல் என்பதால் ஊர் பெயரும் பொருந்திப் போகும். இதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகத் திருப்பினால் ஒரு பக்கம் ஊதா கலந்த நீலமாகவும், இன்னொரு பக்கம் ஏறக்குறைய நிறமே இல்லாமலும் வெளிர் மஞ்சளாகவும் தெரியும். நீலக்கல்லிலும் திருப்பினால் நிறம் லேசாக மாறும். இந்த அளவுக்கு நீலமே காணாமல் போகாது.

நிலாக்கல்லில் பெயர்க் குழப்பம்தான் பெரிய பிரச்சினை. 'ரெயின்போ மூன்ஸ்டோன்' என்று விற்கப்படுவது லாப்ரடோரைட் என்ற வேறு ஃபெல்ட்ஸ்பார். 'ஓபலைட்' என்பது பெரும்பாலும் பால் நிறக் கண்ணாடி. 'ஸ்மோக்கி டோபாஸ்' டோபாஸே அல்ல, புகை நிறக் குவார்ட்ஸ். கடைகளில் பல வருஷமாகப் புழங்கும் பெயர்கள் இவை. விற்பவருக்கே வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம்.

தொழிற்சாலையில் பிறந்த 'ஆற்றுக்கல்'

செயற்கை மாணிக்கமும் செயற்கை நீலக்கல்லும் புதுசு இல்லை. பிரெஞ்சு விஞ்ஞானி வெர்னுய் 1902-லேயே அதைச் செய்யும் முறையை அறிவித்துவிட்டார். அலுமினியம் ஆக்சைடு பொடியைத் தீச்சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி வடிவக் கட்டியாக வளர்ப்பார்கள். நகைக் கடைகளில் 'செயற்கைக் கல்' என்று சொல்லியே விற்றால் அதில் ஒரு தப்பும் இல்லை.

பிரச்சினை, அந்தக் கட்டியை உடைத்து, மணலோடு சேர்த்து உருட்டி, ஓரங்களை மழுக்கி, மேலே செம்மண் பூசி 'ஆற்றில் கிடைத்த ரஃப்' என்று விற்கும்போது வருகிறது. வேதியியல்படி அது நிஜக் குருந்தம். கடினம், எடை, ஒளி எல்லாமே அசலோடு ஒத்துப்போகும். வீட்டில் செய்யும் எந்த டெஸ்ட்டிலும் மாட்டாது. லென்ஸில் பார்த்தால் உள்ளே வளைவான கோடுகளும் காற்றுக் குமிழிகளும் தெரியும். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக, கோணம் கோணமாக இருக்கும். மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி விட்டிருப்பதால் உள்ளே பார்க்கவே முடியாது என்பதுதான் விற்பவரின் பலம். அழுக்கே இல்லாத, விரிசலே இல்லாத, பெரிய அளவு மாணிக்க ரஃப் குறைந்த விலைக்கு வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

வேண்டுமென்றே செய்கிறார்களா?

எல்லோரும் இல்லை. கல் ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குப் போகும்போது பெயர் மட்டும் ஏறிக்கொண்டே போகும். தோட்டத்தில் எடுத்தவர் "பச்சைக் கல்லுங்க" என்கிறார். வாங்கியவர் "மரகதமா இருக்கலாம்" என்கிறார். மூன்றாவது ஆள் ஏலத்தில் போடும்போது 'இருக்கலாம்' உதிர்ந்துவிடுகிறது. அங்கே வாங்கி ஏமாந்த ஒருவர், தான் ஏமாந்ததே தெரியாமல் அதை இன்னொருவருக்கு விற்கிறார். இப்போது அவரும் தப்பான தகவல் கொடுத்து விற்றவர் ஆகிவிடுகிறார்.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. 2000-களில் சிவப்பு 'ஆண்டசைன்' என்ற கல் முதலில் காங்கோவில் இருந்தும், பிறகு திபெத்தில் இருந்தும் வருவதாகச் சொல்லப்பட்டது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் பெயரோடு சேர்த்தும் அதை விளம்பரம் செய்தார்கள். அமெரிக்காவில் டிவி ஷாப்பிங் சேனல்களில் அமோகமாக விற்றது. பிறகு நடந்த ஆய்வுகளில், சந்தைக்கு வந்த சிவப்புக் கற்களில் பெரும்பாலானவை வெளிர் நிற ஃபெல்ட்ஸ்பாரை அதிக வெப்பத்தில் சூடாக்கி, செம்பைச் செலுத்தி நிறம் மாற்றியவை என்று தெரிந்தது. வழியில் இருந்த எத்தனையோ வியாபாரிகள் அதை இயற்கைக் கல் என்றே நம்பி விற்றிருக்கிறார்கள்.

ஏலத்தில் ஜெயித்தால் ஏன் நஷ்டம்?

கடையில் வாங்குவதற்கும் ஏலத்தில் வாங்குவதற்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கிறது. ஒரு கல்லின் உண்மையான மதிப்பு யாருக்கும் தெரியாது. இருபது பேர் போட்டோவைப் பார்த்து ஆளுக்கு ஒரு மதிப்பு போடுகிறார்கள். சிலர் குறைவாக, சிலர் அதிகமாக. ஏலத்தில் ஜெயிப்பவர் யார்? எல்லோரையும் விட அதிகமாக மதிப்பு போட்டவர். அதாவது, பெரும்பாலும் தப்பாகக் கணக்குப் போட்டவர். 1971-ல் அமெரிக்க எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூன்று பேர் எண்ணெய் வயல் ஏலங்களை வைத்து இதை விளக்கினார்கள். 'வென்றவரின் சாபம்' என்று இதற்குப் பெயர். எண்ணெய்க் கம்பெனிகளுக்கே வந்த சாபம், ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் இருந்து மொபைலில் ஏலம் கேட்பவரை விட்டுவிடுமா?

நல்ல கல் எது என்று தெரிந்த வியாபாரிகள் அந்த ஏலத்தில் கேட்காமல் ஒதுங்கியிருப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். போட்டி போட மிச்சமிருப்பது தெரியாதவர்கள் மட்டும். போதாக்குறைக்கு, விற்பவரே வேறு பெயரில் வந்து விலையை ஏற்றுவதும் உண்டு.

எண்களும் கண்ணைக் கட்டும். 5 காரட் என்பது 1 கிராம். '500 காரட்' என்றால் 100 கிராம், ஒரு சோப்புக் கட்டி எடை. '5,000 காரட் லாட்' என்றால் ஒரு கிலோ கல். நகைக்கு உதவும் தரத்தில் ஒரு கிலோ மரகதத்தை யாரும் 99 ரூபாயில் தொடங்கி விற்க மாட்டார்கள்.

போட்டோ விஷயத்திலும் கவனம் தேவை. கல்லைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ நனைத்தால் மேற்பரப்புச் சொரசொரப்பு மறைந்து நிறம் தூக்கலாகத் தெரியும். அடியில் டார்ச் வைத்தால் கலங்கிய கல் கூடக் கண்ணாடி மாதிரி தெரியும். காய்ந்த கல்லை, வெள்ளைத் தாள் மேல், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுத்த போட்டோ கேளுங்கள். அனுப்ப மறுப்பவரின் ஏலத்தில் கை தூக்க வேண்டியதில்லை.

சமையலறைத் தராசு போதும்

"கண்ணாடியக் கீறுது பாருங்க, அதனால ஒரிஜினல்" என்பது அதிகம் ஓடும் வீடியோ. இதை நம்ப வேண்டாம். சாதாரண வெங்கச்சங்கல்லும் கண்ணாடியைக் கீறும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி ஐந்தரை வாக்கில், குவார்ட்ஸ் 7, பெரில் ஏழரை முதல் 8, குருந்தம் 9. கண்ணாடியைக் கீறினால் அது கண்ணாடி இல்லை என்று மட்டும்தான் தெரியும்.

இதைவிட உருப்படியான ஒரு டெஸ்ட் வீட்டிலேயே இருக்கிறது. அடர்த்தி பார்ப்பது. தேவை, 0.01 கிராம் வரை காட்டும் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் நூல்.

முதலில் காய்ந்த கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 26.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யம் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. கையில் பிடித்தே தொங்கவிடலாம். தராசு இப்போது ஒரு எடையைக் காட்டும். கல் ஒதுக்கித் தள்ளிய தண்ணீரின் எடை அது. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி எண் கிடைக்கும்.

தராசு 10 கிராம் காட்டினால் 26.5-ஐ 10-ஆல் வகுக்க 2.65 வரும். அது குவார்ட்ஸுக்கு உரிய எண். 'மாணிக்கம்' என்று விற்றிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. குருந்தமாக இருந்தால் தராசு சுமார் 6.6 கிராம் காட்டியிருக்கும், விடை 4 வாக்கில் வந்திருக்கும். டோபாஸுக்கு மூன்றரை. அயோலைட்டும் நிலாக்கல்லும் 2.6 பக்கம்.

இதிலும் ஓட்டைகள் உண்டு. பெரிலின் எண் 2.7 வாக்கில் இருக்கும். குவார்ட்ஸுக்கு ரொம்பப் பக்கம். 26 கிராம் கல்லில் இந்த வித்தியாசம் தெரியும். 3 கிராம் கல்லில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டாலே கணக்கு மாறிவிடும். கார்னெட்டின் எண் 4-ஐ ஒட்டியே வருவதால் மாணிக்கத்தில் இருந்து அதைப் பிரிக்க இந்த டெஸ்ட் உதவாது. தாய்ப்பாறை ஒட்டியிருக்கும் கல்லிலும் சரியாக வராது. ஆக, 'இது அந்தக் கல் இல்லை' என்று சொல்ல இந்த டெஸ்ட் ரொம்ப நல்லது. 'இது அந்தக் கல்தான்' என்று சொல்ல இது மட்டும் போதாது.

படிக வடிவம் கெடாமல் இருந்தால் இன்னொரு துப்பும் உண்டு. குவார்ட்ஸ் படிகத்தின் பக்கவாட்டில் கோடுகள் குறுக்காக ஓடும், முனை கூம்பாக இருக்கும். பெரிலில் கோடுகள் நெடுக்காக ஓடும், முனை பெரும்பாலும் பென்சிலை வெட்டியது போலத் தட்டையாக இருக்கும். குருந்தம் நடுவில் பருத்த பீப்பாய் போலவோ, அறுகோணத் தட்டு போலவோ இருக்கும்.

சர்ட்டிஃபிகேட் இருந்தால் நம்பலாமா?

எந்த சர்ட்டிஃபிகேட் என்பதைப் பொறுத்தது. நம்பகமான ஆய்வக ரிப்போர்ட்டில் கல்லின் எடை, அளவு, போட்டோ, என்ன கனிமம், ஏதாவது செயற்கை மாற்றம் செய்யப்பட்டிருக்கிறதா என்ற விவரங்களோடு ஒரு ரிப்போர்ட் எண் இருக்கும். அந்த எண்ணை ஆய்வகத்தின் சொந்த இணையதளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். கார்டில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து அது காட்டும் பக்கத்தை அப்படியே நம்பக் கூடாது. போலி கார்டு அடிப்பவர் போலிப் பக்கமும் வைத்திருப்பார்.

ரிப்போர்ட்டில் 'மதிப்பு 4 லட்சம் ரூபாய்' என்று போட்டிருந்தால் கூடுதல் சந்தேகம் வர வேண்டும். கல்லை அடையாளம் காண்பதும் விலை மதிப்பிடுவதும் வேறு வேறு வேலை. இன்னொரு பழைய தந்திரம், வேறு ஒரு நல்ல கல்லுக்கு வாங்கிய சர்ட்டிஃபிகேட்டை மட்டமான கல்லோடு சேர்த்து அனுப்புவது. எடையையும் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

விலை அதிகமான கல் என்றால், ஜெய்ப்பூரில் ரத்தின, நகை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலின் ஆய்வகம், மும்பையில் இருக்கும் ஜிஐஏ ஆய்வகம் போன்ற இடங்களுக்கு அனுப்பிப் பார்க்கலாம். 'உங்கள் செலவில் நான் தேர்ந்தெடுக்கும் லேபில் காட்டி, சொன்ன கல் இல்லை என்றால் பணம் திரும்ப' என்று விற்பவர் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அங்கேயே காணாமல் போய்விடுவார்கள்.

நிஜமாகவே ஆனைமலைக் கல் என்றால்?

அப்போது வேறு சிக்கல். ஆனைமலைக் காடுகள் புலிகள் காப்பகம். அங்கிருந்து மரக்கிளை எடுப்பது மட்டும் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். வனச் சட்டம் 'வன விளைபொருள்' என்று சொல்வதில் காட்டில் கிடைக்கும் பாறையும் கனிமமும் அடங்கும். காட்டுக்கு வெளியே பட்டா நிலமாக இருந்தாலும், உரிமம் இல்லாமல் கனிமம் தோண்டுவது, கொண்டு போவது, சேமித்து வைப்பது 1957-ம் ஆண்டு சுரங்கச் சட்டப்படி குற்றம். 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ஆக, "டாப்ஸ்லிப் காட்டுக்குள்ள எடுத்தது" என்று பெருமையாக எழுதி விற்பவர் ஒன்று பொய் சொல்கிறார், இல்லையென்றால் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்.

ஏலக் குழுக்களில் கல்லோடு கல்லாகப் பழைய கல்மணிகளும், கரூர் அமராவதி ஆற்றில் எடுத்தது என்று சொல்லப்படும் காசுகளும் வருவதுண்டு. 100 வருஷத்துக்கு மேல் பழமையான பொருட்கள் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. அங்கே கல் போலியாக இருப்பதே வாங்கியவருக்கு நிம்மதி.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

பார்சல் வந்ததும் பிரிப்பதற்கு முன்பே வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். முகவரி ஸ்டிக்கர், பிரிப்பது, கல்லைத் தராசில் வைப்பது எல்லாம் ஒரே ஷாட்டில், வெட்டாமல் இருக்க வேண்டும். ஏல விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், விற்பவரோடு பேசிய சாட், பணம் போன யூபிஐ விவரம் மூன்றையும் சேமித்து வையுங்கள். விளம்பரம் எந்த நிமிஷமும் அழிக்கப்படலாம்.

ஏலத் தளம் வழியாக வாங்கியிருந்தால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். 2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். 'நோ ரிட்டர்ன்' என்று போட்டிருந்தாலும், விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருள் வந்தால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

அங்கே நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் ராஜஸ்தானில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

வாட்ஸ்அப் குழுவில், முன்பின் தெரியாத தனிநபரிடம் வாங்கியிருந்தால் நிலைமை கடினம். எப்போதாவது ஒரு பொருளை விற்கும் தனிநபர், நுகர்வோர் சட்டம் சொல்லும் 'வியாபாரி'க்குள் வருவாரா என்பதே கேள்வி. பணம் வாங்கிக்கொண்டு பிளாக் செய்துவிட்டால், தெரிந்தே பொய் சொல்லி விற்றிருந்தால், அது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு இதற்குப் பொருந்தும். சைபர் குற்ற உதவி எண் 1930. பணம் அனுப்பிய சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டால், அது அடுத்தவர் கணக்கில் இருந்து வெளியே போவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கிறது. இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கூப்பிட்டால் அந்த வாய்ப்பு ரொம்பக் குறைவு.

அந்தக் கல்லை என்ன செய்வது என்று கேட்டால், புகார் முடியும் வரை கழுவக் கூடாது, உடைத்துப் பார்க்கக் கூடாது, பட்டை தீட்டக் கூடாது. வந்த கவரோடு அப்படியே எடுத்து வையுங்கள். ஆணையம் கேட்டால் லேபுக்குப் போக வேண்டியது அந்தக் கல்தான்.